கிரிக்கெட் பழகிய கைக்குப் பேஸ்பால்

ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏதாவது ஒரு பள்ளி மைதானத்துக்குப் போய்ப் பாருங்கள். மூன்று நான்கு கிரிக்கெட் ஆட்டங்கள் ஒன்றுக்குள் ஒன்றாக நடந்துகொண்டிருக்கும். இந்த ஆட்டத்தின் மிட்விக்கெட்காரன் அந்த ஆட்டத்தின் பவுலருக்குப் பக்கத்தில் நிற்பான். இந்த அத்தியாயம் அந்தப் பையன்களுக்காகத்தான். உயரப் போகும் பந்துக்கு அடியில் போய் நிற்க அவர்களுக்குத் தெரியும். ஓடிக்கொண்டே எடுத்து எறியவும் தெரியும். பேஸ்பாலுக்கு வேண்டிய உடம்பு வேலையில் பாதி இதிலேயே முடிந்துவிட்டது. கிரிக்கெட்டில் படிந்துபோன சில பழக்கங்களை உதறுவதில்தான் சிரமம் இருக்கிறது.

முதலில் உதற வேண்டியது, அடித்துவிட்டு நிற்கும் பழக்கம். கிரிக்கெட்டில் பந்தைத் தட்டிவிட்டு நின்ற இடத்திலேயே நிற்கலாம். ஓடுவதும் ஓடாததும் நம் இஷ்டம். பேஸ்பாலில் பந்து மட்டையில் பட்டு எல்லைக்கோடுகளுக்குள் போய்விட்டால் ஓடியே தீர வேண்டும். மட்டையைக் கீழே போட்டுவிட்டு ஓட வேண்டும். காப்பாற்றுவதற்கு ஸ்டம்பு கிடையாது, ஆகவே தடுப்பாட்டமும் கிடையாது. இந்த ஒரு விதி மனதில் பதிந்துவிட்டால் மற்ற விதிகளில் முக்கால்வாசி தானாகவே புரியும்.

அணிக்கு ஒன்பது பேர். ஒரு அணி அடிக்கும், மற்றது களத்தில் நிற்கும். மூன்று அவுட் விழுந்தால் இடம் மாற வேண்டும். இரு அணியும் ஒருமுறை அடித்து முடித்தால் ஒரு இன்னிங்ஸ். முழு ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ், அதாவது ஒரு அணிக்கு 27 அவுட். சமனில் முடிந்தால் கூடுதல் இன்னிங்ஸ் ஆடி முடிவு காண்பார்கள். மூன்றாவது அவுட் விழும்போது பேஸ்களில் யார் நின்றாலும் அத்தனையும் வீண், அடுத்தமுறை புதிதாகத் தொடங்க வேண்டும். ஒரு நல்ல விஷயமும் இருக்கிறது. அவுட்டானவன் அன்று முழுக்க வேப்பமரத்தடியில் உட்கார வேண்டியதில்லை. பேட்டிங் வரிசை சுற்றிச் சுற்றி வரும், ஆளுக்கு மூன்று முறையாவது வாய்ப்புக் கிடைக்கும்.

களம் அமைப்பது

களம் ஒரு சதுரம். அதன் நான்கு மூலைகள்தான் பேஸ்கள். அடிப்பவன் நிற்கும் மூலை ஹோம் பிளேட். அங்கிருந்து பார்த்தால் வலது கைப்பக்கம் ஒன்றாம் பேஸ், நேர் எதிரே இரண்டாம் பேஸ், இடது கைப்பக்கம் மூன்றாம் பேஸ். கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் நான்கையும் தொட்டு ஹோமுக்குத் திரும்பி வந்தால் ஒரு ரன். பெரியவர்கள் ஆட்டத்தில் ஒரு பேஸுக்கும் அடுத்ததற்கும் 90 அடி. பிட்சர் எறியும் இடம் ஹோமிலிருந்து 60 அடி 6 அங்குலம். சிறுவர்களுக்கு அமெரிக்காவின் லிட்டில் லீக் வைத்திருக்கும் அளவு 60 அடி சதுரம், 46 அடி எறிதூரம். நம் மைதானங்களில் முதல் சில மாதங்களுக்குப் பெரியவர்களுக்கும் இந்தச் சின்ன அளவே போதும்.

சதுரத்தைக் கண்ணால் குத்துமதிப்பாகப் போட்டால் கோணலாகிவிடும். கயிறு எடுத்துக்கொள்ளுங்கள். ஹோம் பிளேட்டில் ஒரு முளையை அடித்து, அங்கிருந்து நேராக 84 அடி 10 அங்குலம் அளந்து இரண்டாம் பேஸில் இன்னொரு முளையை அடியுங்கள். இனி 60 அடிக் கயிறு இரண்டு வேண்டும். ஒன்றை ஹோமிலும் மற்றதை இரண்டாம் பேஸிலும் கட்டி, இரண்டின் நுனிகளையும் வலப்பக்கம் இழுத்துப் பிடித்தால் அவை சந்திக்கும் இடம் ஒன்றாம் பேஸ். இடப்பக்கம் இழுத்தால் மூன்றாம் பேஸ். 90 அடிச் சதுரத்துக்கு மூலைவிட்டம் 127 அடி 3 அங்குலமும் கொஞ்சமும் வரும். ஹோமிலிருந்து ஒன்றாம் பேஸ் வழியாகவும் மூன்றாம் பேஸ் வழியாகவும் மைதானத்தின் கடைசிவரை சுண்ணாம்புக் கோடு போடுங்கள். இந்த இரண்டு கோடுகளுக்கு நடுவில்தான் ஆட்டம், வெளியே போனால் ஃபவுல். பேஸுக்குப் பாதி மணல் நிரப்பித் தட்டையாகத் தைத்த சாக்கு போதும். கல்லையோ செங்கலையோ வைக்கக் கூடாது, கணுக்கால் போய்விடும்.

எந்தத் திசை பார்த்துப் போடுவது? ஹோமிலிருந்து இரண்டாம் பேஸுக்குப் போகும் கோடு கிழக்கும் கொஞ்சம் வடக்கும் பார்த்து இருப்பது நல்லது என்று விதிநூலே சொல்கிறது. மாலை ஆட்டத்தில் வெயில் அடிப்பவன் கண்ணில் விழக் கூடாது என்பதற்காக. நம் ஊர்களுக்கு இது வாகாகவே அமைகிறது. மேற்கே மலை, ஆகவே மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அடிப்பவன் நிற்கட்டும். சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கும்வரை களத்தில் நிற்பவர்களுக்குத்தான் கண் கூசும். தொப்பி போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். ஆனி, ஆடியில் மலைப்பக்கமிருந்து காற்று தூக்கிக்கொண்டு வரும்போது அது அடிப்பவன் முதுகுக்குப் பின்னாலிருந்து வீசும். அந்த மாதங்களில் வெளிக்களத்துக்காரர்களைப் பத்தடி பின்னால் தள்ளி நிறுத்துங்கள்.

வெளிக்களத்துக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்பது மைதானத்தைப் பொறுத்தது. அமெரிக்கப் பெரிய லீக் மைதானங்களில் நேர் எதிர்ச்சுவர் ஏறக்குறைய 400 அடித் தொலைவில் இருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் சுமார் 192 அடி. அப்படி இரண்டு கோபுரங்களைப் படுக்கப் போட்டாலும் சுவரைத் தொடாது. அதைத் தாண்டி அடிப்பதற்குப் பெயர்தான் ஹோம் ரன். நமக்கு அவ்வளவு இடமெல்லாம் வேண்டாம்.

பிட்சரும் பேட்டரும்

தெருக் கிரிக்கெட்டில் கையை மடக்கி எறிகிறவனை ‘மாங்கா அடிக்கிறான்’ என்று விரட்டுவோம். இங்கே அவனைத்தான் தேடிப் பிடிக்க வேண்டும். பேஸ்பாலில் ஓடி வந்து போடுவது இல்லை. ஒரு காலைப் பிட்சர் பலகையில் ஊன்றி நின்ற இடத்திலிருந்து எறிய வேண்டும், பந்து தரையில் குத்தக் கூடாது.

ஹோம் பிளேட்டின் அகலம் 17 அங்குலம். அடிப்பவனின் முழங்காலுக்குக் கீழிருந்து நெஞ்சின் நடுப்பகுதிவரை, அந்தப் 17 அங்குலத்துக்கு மேலே ஒரு கண்ணுக்குத் தெரியாத பெட்டி இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெட்டி வழியாகப் போகும் பந்தை அடிக்காமல் விட்டால் ஸ்ட்ரைக். எங்கே போகும் பந்தானாலும் வீசித் தவறவிட்டால் ஸ்ட்ரைக். ஃபவுலும் ஸ்ட்ரைக்தான், ஆனால் ஏற்கெனவே இரண்டு ஸ்ட்ரைக் இருந்தால் அதற்குமேல் ஃபவுல் எத்தனை அடித்தாலும் கணக்கில் சேராது. மூன்று ஸ்ட்ரைக் விழுந்தால் அவுட். பெட்டிக்கு வெளியே போன பந்தை அடிக்காமல் விட்டால் அம்பயர் ‘பால்’ என்பார். நான்கு பால் ஆனால் அடிப்பவன் ஒன்றாம் பேஸுக்கு நடந்தே போகலாம். பந்து உடம்பில் பட்டாலும் அப்படியே.

கிரிக்கெட் பையன்கள் இங்கே இரண்டு இடத்தில் மாட்டுவார்கள். லேட் கட், லெக் கிளான்ஸ் என்று பின்பக்கம் திருப்பி விடுவதில் கெட்டிக்காரனாக இருந்தால் அத்தனையும் இங்கே ஃபவுல். அடுத்தது, எல்லாப் பந்தையும் தொட்டே ஆக வேண்டும் என்ற பதற்றம். எட்டாத பந்தை விட்டுவிடுவது பேஸ்பாலில் பெரிய திறமை. அடிக்கத் தவறுவதும் இங்கே சகஜம். அமெரிக்க வீரர் டெட் வில்லியம்ஸ் 1941-ல் .406 சராசரி வைத்தார், அதன்பின் அமெரிக்கன், நேஷனல் லீக்குகளில் முழு சீசனுக்கு .400-ஐ யாரும் தொடவில்லை. அதாவது பத்துக்கு நான்கு முறை ஒழுங்காக அடித்தவரே அங்கே அதிசயம். பத்துக்கு மூன்று அடித்தால் நட்சத்திரம். நம் பையன் மூன்று முறை தொடர்ந்து அவுட்டானால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள ஒன்றும் இல்லை.

கைவலிமை இருந்தால் ஆட்டம் தெரியாதவன்கூடப் பிட்சராகலாம் என்பதற்கு இந்தியாவிலேயே சாட்சி உண்டு. 2008-ல் இங்கே நடந்த ‘மில்லியன் டாலர் ஆர்ம்’ போட்டியில் வென்ற ரிங்கு சிங், உத்தரப் பிரதேசத்தில் ஈட்டி எறிந்துகொண்டிருந்தவர். அவரும் தினேஷ் பட்டேலும் அதற்குமுன் பேஸ்பால் ஆடியதே இல்லை. இருவரையும் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் ஒப்பந்தம் செய்தது. அந்தக் கதை 2014-ல் படமாகவும் வந்தது, இசை ஏ.ஆர். ரஹ்மான். பள்ளி விளையாட்டு விழாவில் ஈட்டியில் முதலிடம் வாங்கும் பையன் உங்கள் பக்கம் இருந்தால் முதலில் அவனைக் கூப்பிடுங்கள். வீட்டில் தெலுங்கு பேசும் ராஜபாளையத்துக்காரர்களுக்கு இன்னொரு செய்தி: டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் அணிக்காக 2024-ல் பெரிய லீக்கில் அடியெடுத்து வைத்த பிட்சர் குமார் ராக்கரின் தாய்வழி வேர் ஆந்திராவில் இருக்கிறது.

அவுட் ஆகும் வழிகள்

மூன்று ஸ்ட்ரைக்கை மேலே பார்த்தோம். அடித்த பந்தைத் தரையில் படுமுன் பிடித்தால் அவுட், இது நமக்குத் தெரிந்ததுதான். மீதி இரண்டும் ஓட்டக்காரர்களைப் பற்றியவை. புதியவர்கள் குழம்புவது இங்கேதான்.

ஒரு பேஸில் ஒருவன்தான் நிற்கலாம். ஒன்றாம் பேஸில் கணேசன் நிற்கிறான் என்று வையுங்கள். மாரி தரையோடு அடிக்கிறான். மாரி ஒன்றாம் பேஸுக்கு வந்தே தீர வேண்டும், ஆகவே கணேசன் அதைக் காலி செய்துவிட்டு இரண்டாம் பேஸுக்கு ஓடியே தீர வேண்டும். இப்படித் தள்ளப்பட்டு ஓடுகிறவனைத் தொடக்கூட வேண்டியதில்லை. அவன் போகும் பேஸை ஒரு களவீரர் பந்தோடு மிதித்தால் போதும், அவுட். இதுதான் ஃபோர்ஸ் அவுட். பந்தை எடுத்தவர் இரண்டாம் பேஸுக்கு எறிந்து, அங்கே மிதித்தவர் உடனே ஒன்றாம் பேஸுக்கு எறிந்தால் கணேசனும் அவுட், மாரியும் அவுட். ஒரே பந்தில் இரண்டு. இதுதான் டபுள் பிளே.

இப்போது கணேசன் இரண்டாம் பேஸில் நிற்கிறான், ஒன்றாம் பேஸ் காலி. மாரி அடித்தாலும் கணேசனை யாரும் தள்ளவில்லை. அவன் நின்ற இடத்திலேயே நிற்கலாம். அவனாக விரும்பி மூன்றாம் பேஸுக்கு ஓடினால், பேஸை மிதிப்பது செல்லாது. பந்து இருக்கும் கையாலோ கிளவ்ஸாலோ அவன் உடம்பைத் தொட வேண்டும். ஆகவே ஒவ்வொரு பந்துக்கு முன்னாலும் களத்தில் நிற்கிற ஒன்பது பேரும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது: யார் தள்ளப்பட்டு ஓடுவான், யார் விரும்பி ஓடுவான்? பின்னால் இருக்கும் பேஸ்கள் எல்லாம் நிரம்பியிருந்தால் தள்ளப்படுகிறான், நடுவே ஒன்று காலியாக இருந்தால் இல்லை.

பேட்டர் ஒன்றாம் பேஸைத் தொட்டுவிட்டு நேராகத் தாண்டி ஓடலாம், தொட்டு அவுட்டாக்க முடியாது. இரண்டாம், மூன்றாம் பேஸ்களில் தாண்டினால் ஆபத்து, அதனால்தான் சறுக்கி விழுகிறார்கள். நம் மைதானத்துச் சரளையில் அரைக்கால் டவுசரோடு சறுக்கினால் தோல் உரிந்துவிடும். மண்ணைக் கிளறிப் பதப்படுத்திய பிறகு, நீளக் கால்சட்டை போட்டுக்கொண்டு பழகுங்கள். எதற்கும் சத்திரப்பட்டி பேண்டேஜ் துணி ஒரு சுருள் பையில் இருக்கட்டும்.

உயரப் போன பந்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. “கேட்ச் போச்சு, கிராஸ் பண்ணுடா” என்று கத்துவது நம் ஊர்ப் பழக்கம். 2022-ல் எம்.சி.சி. விதியை மாற்றியபின் கிரிக்கெட்டிலேயே அதற்குப் பலன் இல்லை. பேஸ்பாலில் அது தற்கொலை. பந்து பிடிபட்டால் ஓட்டக்காரன் புறப்பட்ட பேஸுக்குத் திரும்பித் தொட வேண்டும். அவன் திரும்புமுன் பந்து அந்தப் பேஸுக்கு வந்துவிட்டால் அவனும் காலி. ஆனால் பேஸை மிதித்தபடியே காத்திருந்து, பந்து பிடிபட்ட பிறகு புறப்படலாம். மூன்றாம் பேஸில் ஆள் இருக்கும்போது வெளிக்களத்தில் ஆழமாக ஒரு கேட்ச் கொடுத்தால், பேட்டர் அவுட், ஆனால் ரன் வந்துவிடும்.

இந்த விதியில் ஒரு சூது ஒளிந்திருக்கிறது. ஒன்றிலும் இரண்டிலும் ஆட்கள் நிற்கிறார்கள், பேட்டர் உள்களத்தில் செங்குத்தாகத் தூக்கி அடிக்கிறான். பிடிபடும் என்று பயந்து ஓட்டக்காரர்கள் நகராமல் நிற்பார்கள். களவீரர் பந்தை வேண்டுமென்றே நழுவவிட்டால்? எல்லோரும் திடீரென்று தள்ளப்பட்டவர்கள் ஆகிவிடுவார்கள், இரண்டு அவுட்டைச் சுலபமாக எடுத்துவிடலாம். இந்தக் குறுக்குவழியை அடைக்க 1895-லேயே ஒரு விதி வந்தது. இரண்டு அவுட் ஆகியிராத நிலையில், ஒன்றிலும் இரண்டிலும் ஆள் இருக்க, உள்களத்தில் சுலபமாகப் பிடிக்கக்கூடிய பந்து எழும்பினால், அம்பயர் பந்து காற்றில் இருக்கும்போதே பேட்டர் அவுட் என்று அறிவித்துவிடுவார். அதன்பின் பந்து விழுந்தாலும் யாரும் தள்ளப்படுவதில்லை. பேஸ்பாலில் அதிகம் சண்டை வரும் விதிகளில் இதுவும் ஒன்று, ஆட்டத்துக்கு முன்பே இரு அணிக்கும் விளக்கிவிடுங்கள்.

தந்திரங்கள்

தந்திரம் என்றதும் பேட்டிங்கைத்தான் எல்லோரும் நினைப்பார்கள். என் கணக்கில், புதிய அணிகளின் ஆட்டத்தை ஜெயிப்பதும் தோற்பதும் எறிகிற கையால்தான். தரையோடு வரும் பந்தை எடுத்துவிட்டு, எங்கே எறிவது என்று யோசிக்கும் அந்த ஒரு நொடியில் எதிரணி இரண்டு பேஸ் ஓடிவிடும். பந்து வருமுன்பே முடிவு எடுத்திருக்க வேண்டும். “தரையில் வந்தால் ரெண்டுக்கு, எனக்கு மேலே போனால் ஒண்ணுக்கு” என்று ஒவ்வொருவரும் வாய்விட்டுச் சொல்லிப் பழகட்டும். சந்தேகம் வந்தால் ஒன்றாம் பேஸுக்கு எறிந்து ஒரு அவுட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வெளிக்களத்திலிருந்து ஹோமுக்கு நேராக எறிய ஆசைப்படக் கூடாது. நடுவில் ஒருவர் வந்து நிற்பார், அவர் நெஞ்சுக்கு எறியுங்கள், அவர் திருப்பி எறிவார்.

அடுத்தது பன்ட். மட்டையை வீசாமல் குறுக்கே பிடித்து, பந்தைச் சில அடி தூரத்தில் சாக வைப்பது. களவீரர்கள் ஓடி வந்து எடுப்பதற்குள் பேஸில் இருப்பவன் அடுத்த பேஸுக்குப் போய்விடுவான். பெரிய லீக்குகளில் இது குறைந்துகொண்டே வருகிறது. காரணம் கணக்கு: அவுட் இல்லாமல் ஒன்றாம் பேஸில் ஆள் இருக்கும் அணி, ஒரு அவுட்டோடு இரண்டாம் பேஸில் ஆள் இருக்கும் அணியைவிடச் சராசரியாக அதிக ரன் எடுக்கிறது. ஒரு அவுட்டைத் தானம் கொடுப்பது அவ்வளவு லாபமில்லை. ஆனால் அந்தக் கணக்கு துல்லியமாக எறிகிறவர்களை வைத்துப் போட்டது. புதிதாக ஆடும் அணியில் பன்ட் அடித்தால் பாதி நேரம் எறி தாறுமாறாகப் போய் ஓட்டக்காரன் ஹோமுக்கே வந்துவிடுவான். நான் உங்கள் பயிற்சியாளராக இருந்தால் முதல் வருஷம் தாராளமாகப் பன்ட் அடிக்கச் சொல்வேன். ஒன்று மட்டும் கவனம்: இரண்டு ஸ்ட்ரைக் ஆனபின் பன்ட் ஃபவுலானால் அவுட்.

பேஸ் திருடுவதும் இப்படித்தான். பிட்சர் எறியத் தொடங்கியதும் ஒன்றாம் பேஸ்காரன் இரண்டுக்குப் பாய்வான். பெரியவர்கள் ஆட்டத்தில் பிட்சர் எறிய அசையத் தொடங்கியதிலிருந்து பந்து போய்ச் சேர ஏறக்குறைய 1.3 நொடி, ஹோமுக்குப் பின்னால் நிற்கும் கேட்சர் அதைப் பிடித்து இரண்டாம் பேஸுக்கு எறிய 2 நொடி. ஆக 3.3 நொடிக்குள் ஓட முடிந்தால் தப்பிக்கலாம். நம் கேட்சருக்கு 2 நொடி என்பது கனவு. ஆகவே திருடுகிறவன் பக்கமே நியாயம் இருக்கும், கேட்சர் கை பழகும்வரை. லிட்டில் லீக்கில் இதற்காகவே பந்து பேட்டரைச் சேருமுன் சிறுவர்கள் பேஸை விட்டு நகரக் கூடாது என்று வைத்திருக்கிறார்கள். நீங்களும் அப்படியே வையுங்கள்.

பிட்சருக்கு ஒரே அறிவுரை: முதல் வீச்சு ஸ்ட்ரைக்காக இருக்கட்டும். வளைப்பந்து, சுழற்பந்து எல்லாம் பிறகு. வேகமான பந்தையும், அதே கை அசைவில் மெதுவாக வரும் பந்தையும் மாற்றி மாற்றிப் போட்டாலே பேட்டர் தடுமாறுவான். பதினைந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களை வளைப்பந்து எறிய விடாதீர்கள், முழங்கை கெட்டுவிடும்.

பெண்கள் அணி சேர்ப்பதாக இருந்தால் சாஃப்ட்பாலும் யோசிக்கலாம். கீழ்க்கை வீச்சு, பெரிய பந்து, 60 அடிச் சதுரம், ஏழு இன்னிங்ஸ். நீங்கள் போட்ட களம் அப்படியே உதவும். பேஸ்பாலே ஆடினாலும் சரிதான். 2016-ல் தென்கொரியாவின் புசானில் நடந்த மகளிர் பேஸ்பால் உலகக் கோப்பையில் இந்தியப் பெண்கள் அணி ஆடியிருக்கிறது. அகில இந்தியப் பல்கலைக்கழகப் போட்டிகளில் பேஸ்பாலும் சாஃப்ட்பாலும் இருக்கின்றன, கல்லூரிக்குப் போகிறவர்கள் உடற்கல்வி ஆசிரியரிடம் விசாரியுங்கள். 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் கிரிக்கெட், பேஸ்பால் இரண்டுமே இருக்கும்.

முதல் மாதம் டென்னிஸ் பந்தும் கிரிக்கெட் மட்டையும் வைத்தே ஆடலாம், கிளவ்ஸ் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஐந்து இன்னிங்ஸ் போதும். ஸ்ட்ரைக் பெட்டியைப் பற்றித் தகராறு வரும், ஆகவே அம்பயராக நிற்பவர் இரு அணியிலும் சேராதவராக இருக்கட்டும். உண்மையான பேஸ்பால் பந்து 142 கிராமுக்குக் குறையாது. கிரிக்கெட் பந்தைவிடச் சற்று லேசானதுதான், ஆனால் அடிபட்டால் அதே அடிதான். அந்தப் பந்துக்கு மாறும் நாளில் பேட்டருக்கு ஹெல்மெட்டும், கேட்சருக்கு முகக்கவசம், நெஞ்சுக்கவசம், கிளவ்ஸ் மூன்றும் கையில் இருக்க வேண்டும். பணம் ஒரு செட்டுக்குத்தான் இருக்கிறது என்றால் மட்டை வாங்குவதைத் தள்ளிப்போட்டு, கேட்சர் கவசத்தை முதலில் வாங்குங்கள். அது வரும்வரை டென்னிஸ் பந்தை மாற்ற வேண்டாம்.